முன்மூளையின் ஓரத்தில் நடந்த போர்

மாற்றிப் போட்டால்தான் என்ன, யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று மனம் அவளிடமே கேட்டது.

அவ்வாறு கேட்ட மனத்துக்கு உரியவளை முதற்கண் வணங்குவோம். கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் தோன்றியவளும், நான்காண்டுகள் சேலம் பஸ்ஸில் நின்றே வந்து நின்றே திரும்பியவளும், உருகிய மெழுகின் வாடை நீங்காத விரல்களை உடையவளும், குழம்பில் கொதிக்க வேண்டிய ஜிலேபி மீன்களின் தலைக்குள் புகுந்து, முன்மூளை என்னும் கொத்தமல்லி விதையளவு நாட்டை அணு அணுவாக அளந்தவளுமாகிய ஆராய்ச்சி மாணவி அறிவுச்செல்வி வாழ்க.

அந்நாட்டை அவள் எளிதில் வென்றுவிடவில்லை. மெழுகில் புதைத்த மூளையை மைக்ரோடோம் என்னும் சீவுபொறியின் கூர்வாய்க்கு ஈந்து, மயிரினும் மெல்லிய சீவல்கள் நாடா போல் நீண்டு வருகையில் மூச்சையும் அடக்கி, சக ஆராய்ச்சி மாணவன் கோகுல்ராஜ் வேர்க்கிறதென்று மின்விசிறியை முடுக்கிய கணத்தில் ஒரு மீனின் மொத்த அறிவும் பறந்து ஜன்னல் கம்பியில் ஒட்டக் கண்டு கலங்கி, கலங்கியபின் வேறொரு மீனை எடுத்து, சீவி, ஊதாச் சாயத்தில் தோய்த்து, நுண்ணோக்கியின் முன் கழுத்து வளைந்து அமர்ந்து, நாற்பது மீன்களின் நரம்பணுக்களை அவள் எண்ணி முடித்தாள்.

எண்ணியவள் கண்ட நில அமைப்பு இது. எலிக்கும் நமக்கும் கருவிலேயே முன்மூளையின் சுவர்கள் உள்நோக்கி மடிகின்றன. ஜிலேபி போன்ற எலும்பு மீன்களுக்கோ அவை வெளிநோக்கிக் கவிழ்கின்றன. ஆகவே எலியில் நடுப்பக்கம் ஒளிந்திருக்கிற, வந்த வழியை நினைவில் வைக்கிற பகுதி, மீனில் வெளியோரத்துக்கு வந்துவிடுகிறது; அச்சத்தை ஆளும் பகுதி நடுப்பக்கம் போய்விடுகிறது. ஓரத்தில் சிற்றணுக்கள் சந்தைக் கூட்டமென நெருங்கி நின்றன. ஆழத்தில் பேரணுக்கள், பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகளைப் போல, ஒன்றையொன்று பாராமல் தள்ளித் தள்ளி நின்றன. கண்டதைப் படமாக வரைந்து இரண்டு அம்புக்குறிகள் இட்டாள். ஓரத்துக்கு ‘நினைவு’. நடுவுக்கு ‘அச்சம்’.

அவ்விரு அம்புகளும் சென்று தைத்த இடம் துறைத்தலைவர் வெள்ளியங்கிரியின் மார்பு. முப்பதாண்டுகள் எலிகளோடு மட்டுமே பொருதவர் அவர்; எலிமூளைப் படத்தையே கொடியாகத் தம் அறைச் சுவரில் உயர்த்தியவர். அத்துறையில் ஒரு மரபு உண்டு. ஒவ்வோர் ஆய்வேட்டின் படமும் அதற்கு முந்தைய ஆய்வேட்டின் மேல் தாள் வைத்து நகலெடுக்கப்படும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், மீனை ஆராய வந்த அவருடைய முதல் மாணவன் சுவரிலிருந்த எலியைப் பார்த்துப் பெயர்களை எழுதினான். அந்தப் பிழை இதுவரை ஐந்து டாக்டர் பட்டங்கள் வாங்கியிருந்தது.

அன்று மாலை ஐந்து மணிக்குள் அவளுடைய ஆய்வுச் சுருக்கம் அவர் கையெழுத்தோடு பல்கலைக்கழக அலுவலகம் சேர வேண்டும். தவறினால் இன்னும் ஆறு மாதம். மணி நாலேகால். அவர் மேசையில் பேனாவின் மூடி திறந்திருந்தது.

“ஏஞ்சாமி, நினைவு உள்ளுக்குத்தான இருக்கும்? ஓரத்துல கொண்டு போயி வெச்சிருக்கற?”

“எலிக்கு உள்ளுக்குங்க சார். மீனுக்குச் சுவரு வெளிய கவுந்துருதுங்க.”

“நம்ம பழைய தீசிஸ் அஞ்சுலயும் எப்படி இருக்குது?”

“மாறி இருக்குதுங்க.”

அச்சொல்லில் அவர் பார்வை ஒரு கணம் மேசைக்குத் தாழ்ந்தது. அவருக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரியாமல் கேட்டிருந்தால் இன்னும் நாலு ஸ்லைடைக் காட்டியிருக்கலாம். தெரிந்து கேட்பவரிடம் எதைக் காட்டுவது.

போன வாரமே கையெழுத்து வாங்கிவிட்ட கோகுல்ராஜ், பக்கத்தில் ஏதோ கோப்பைத் தேடுபவன்போல் குனிந்து, “ரெண்டே ரெண்டு அம்புக்குறிங்க செல்வி. மாத்துனா மீனு வந்து கேசா போடப் போவுது?” என்று முணுமுணுத்தான்.

“அவன் சொல்றதக் கேளு,” என்றார் வெள்ளியங்கிரி. குரல் இறங்கியிருந்தது. “பொறவு புத்தகமாப் போடறப்ப உனக்குப் புடிச்சாப்புல போட்டுக்க. இப்ப மாத்திட்டு வா. அஞ்சு நிமிச வேலை. நான் எங்கயும் போகல.”

அப்போது அவளுக்குள் மூண்டது குருதி சிந்தாத பெரும்போர். சோர்வு யானைப்படையென முன்னே வந்தது. ஆறு மாதப் பஸ் பயணம் தேர்ப்படையெனத் தூசி கிளப்பியது. இவருக்கு ஓய்வு பெற இரண்டே ஆண்டுகள்தானே என்னும் இரக்கம், ஆயுதமில்லாத தூதனைப்போல் வந்து எல்லோரையும்விட ஆழமாகக் குத்தியது. எதிரே நிறுத்த அவளிடம் என்ன இருந்தது? உண்மைக்காக நிற்கிறேன் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். மேடைப் பேச்சுபோல் அது ஒட்டாமல் உதிர்ந்தது. தேடிப் பார்த்ததில் அகப்பட்டது ஒரு சின்னக் கூச்சம் மட்டும்தான். ஓரத்தில் நெருங்கி நின்ற அந்தச் சிற்றணுக்களை நான்காண்டுகள் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணியிருக்கிறாள். இடையில் யாராவது கூப்பிட்டு எண்ணிக்கை தவறினால் திட்டிக்கொண்டே ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறாள். இத்தனை பழகிய பிறகு வேறொருவர் பெயரைச் சொல்லி அவற்றைக் கூப்பிட அவளுக்கு நா வரவில்லை. அவ்வளவுதான்.

சேர்வராயன் மலை செவி சாய்க்க, சுவரிலிருந்த எலி தன் மூளையை ஒருமுறை ஒருக்களித்துக்கொள்ள, நாற்பது ஜிலேபி மீன்களும் கண்ணாடித் தகடுகளுக்கு இடையிலிருந்து ஊதா நிறத்தில் விழித்துப் பார்க்க, திறந்த பேனாவின் முனையில் மை மெல்லக் காய, எண்திசையும் நடுங்கும்படி எழப்போகும் வீரமொழிக்காக அண்டம் முழுதும் காத்திருக்க, அறிவுச்செல்வி நிமிர்ந்தாள்.

“நான் மாத்தலைங்க சார்,” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து விழாத ஆய்வுச் சுருக்கத்தை எடுத்துக்கொண்டாள்.