பச்சை மூளை, ஊதா மூளை

மே மாதம் பிறந்ததும் கிரேக்க நாட்டில் எங்கள் ஊர் கர்டிட்சாவில் மூளைகளுக்கு நிறம் வந்துவிட்டது. அதுவரை எங்கள் பிள்ளைகளுக்கு வெறும் மூளைதான் இருந்தது. பேராசிரியர் பெலோப்பிடாஸ் என் காபிக்கடை மாடியை வாடகைக்கு எடுத்தார். ஊரே பச்சை மூளை, மஞ்சள் மூளை, ஊதா மூளை என்று பிரிந்துகொண்டது. எந்தக் கல்லூரிக்குப் பேராசிரியர் என்று ஒருவரும் கேட்கவில்லை. தாடி அவ்வளவு நன்றாக இருந்தது.

முறை சுலபம். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதப்போகும் பிள்ளை என் கடையில் வடிகட்டாத காபி ஒன்று குடிக்க வேண்டும். குடித்த கோப்பையைத் தட்டில் கவிழ்த்து, தன் பெயரும் அப்பன் பெயரும் எழுதி, மாடிக்கு அனுப்ப வேண்டும். உள்ளே வழிந்து காய்ந்த வண்டலைப் பார்த்து, பிள்ளையின் மூளை நிறத்தைப் பேராசிரியர் சொல்வார். பிறகு அதே நிறத்தில் ஹைலைட்டர் இழுத்த பாடத் தாள்கள் விலைக்குக் கிடைக்கும். அவற்றைத் தினமும் கண்ணால் வருடிவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தால் பாடம் தானாக ஏறுமாம். இதே வண்டலில் கல்யாணம் எப்போது என்று பார்த்தால் மூடநம்பிக்கை. 'நரம்பியல்' என்று பலகை மாட்டிவிட்டுப் பார்த்தால் அறிவியல்!

எனக்கு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. ஆனாலும் உழவர் வீட்டுப் பையன் ஸ்ட்ராட்டோஸைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காசு இனிக்கவில்லை. சட்டம் படிக்க ஆசைப்பட்டவன். போன வருடம் வரலாற்றில் தவறினான். இந்த முறையும் தவறினால் பருத்தி வயலுக்கு வந்துவிட வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அந்தப் பையன் டியூஷனையும் விட்டுவிட்டுப் பச்சைத் தாளைத் தடவிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, இப்படிப் படிச்சா மண்டையில நிக்குமா?" என்றாள் அவன் டியூஷன் தோழி லெமோனியா. அவளுக்கு நாக்கு கொஞ்சம் நீளம்.

"எல்லாம் நிக்குது. பார்த்த உடனே தெரியுது."

"பார்த்தா தெரியும்டா. பரீட்சையில எவன் பார்க்க விடுவான்?"

அவன் அம்மா பிலிட்சா குறுக்கே பாய்ந்தாள். "நீ சும்மா இரு. அவனுக்குப் பச்சை மூளை. உனக்கு மூளை என்ன நிறம்னே தெரியல, பேச வந்துட்டா!"

லெமோனியா திரும்பினாள். நேரே என்னிடம் வந்தாள். "தீமியோ மாமா, மூணு காபி குடிப்பீங்களா?"

"குடிப்பேன். எதுக்கு?"

"உங்க மூளை நிறம் பார்க்கணும்."

குடித்தேன். அவளே மூன்று கோப்பைகளையும் கவிழ்த்து, மூன்று பெயர்கள் எழுதி மாடிக்கு அனுப்பினாள். ஒன்று மருந்துக்கடைக்காரர் மகள், ஒன்று பல் மருத்துவர் மகன், ஒன்று ஆடு மேய்ப்பவர் மகன்.

ஞாயிறு மாலை என் கடையில் பேராசிரியரின் பொதுக்கூட்டம். நிற்க இடமில்லை. அவர் ஒவ்வொரு கோப்பையாகத் தூக்கிப் பிடித்தார். மருந்துக்கடைக்காரர் மகளுக்கு ஊதா, அபூர்வமான மூளை. ஊதாத் தாள்தான் விலை கூடியது. பல் மருத்துவர் மகனுக்கும் அதிர்ஷ்டவசமாக ஊதாவே. ஆட்டுக்காரர் மகனுக்குப் பச்சை, இருப்பதிலேயே மலிவு.

"ஐயா, மூணும் தீமியோ மாமா குடிச்ச கோப்பை," என்றாள் லெமோனியா.

நான் எழுந்து நின்றேன். "ஆமாங்க. நான் ஆறாம் வகுப்போட நின்னவன். எனக்கு ரெண்டு ஊதா மூளை, ஒரு பச்சை மூளை. இவ்வளவையும் வெச்சுக்கிட்டா இத்தனை வருஷமா காபி ஆத்தினேன்?"

கூட்டம் சிரித்தது. பேராசிரியர் கோப்பையைப் படிக்கவே இல்லை, அப்பன் பெயரைத்தான் படித்தார் என்பது சிலருக்குப் புரிந்தது. பிலிட்சாவுக்குப் புரியவில்லை.

"கோப்பை எப்படியோ போகட்டும். தாள் வேலை செய்யுதே! டேய், படிச்சுக் காட்டுடா!"

ஸ்ட்ராட்டோஸ் படித்தான். எங்கள் தெசலி வட்டாரத்தின் பெரும்பண்ணைகளை உழவர்களுக்கு ஏன் பிரித்துக் கொடுத்தார்கள் என்ற பாடம். அருவி மாதிரி கொட்டினான். கைதட்டல். பேராசிரியர் தாடியை நீவினார்.

"இப்போ தாளைக் கவுத்து வை," என்றாள் லெமோனியா. "ஒரு தட்டு லுக்குமாதெஸ் சாப்பிடு."

தேன் சொட்டும் உருண்டைகளை அவன் தின்று முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தோம்.

"ஏன்டா பண்ணையைப் பிரிச்சாங்க?" என்றாள் லெமோனியா.

ஸ்ட்ராட்டோஸ் கவிழ்ந்த தாளின் முதுகைப் பார்த்தான். "அது... மேல் மூலையில... பச்சையா இருந்துச்சு."

"பச்சை தெரியுது. காரணம்?"

"கீழேயும் பச்சை," என்றான். அவன் கண் கலங்கிவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. அவன் தாத்தாவின் அப்பா உழுத நிலத்தின் கதை அது. உழவன் வீட்டுப் பிள்ளைக்கு நிறம் மட்டும் மிஞ்சியிருந்தது. எனக்கு அந்தத் தாடியைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

"கண்ணு பட்டிருக்கு! யாரோ பையன் மேல கண்ணு வெச்சுட்டாங்க!" என்று பேராசிரியர் கத்தினார். அது வரைக்கும் நரம்பியல், மாட்டிக்கொண்டதும் கண்ணேறு. மறுநாள் காலை மாடி காலி. பக்கத்து ஊர் திரிக்கலாவில் கடை போட்டிருப்பதாகக் கேள்வி. அங்கேயும் கூட்டமாம்.

ஸ்ட்ராட்டோஸ் அன்றே லெமோனியா எதிரில் உட்கார்ந்தான். அவளிடம் துண்டுக் காகிதங்கள் இருந்தன. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். நிறம் கிடையாது. "பார்க்காம சொல்லு. தப்பானது நாளைக்குத் திரும்ப வரும். சரியானதும் நாலு நாள் கழிச்சு வரும்."

"கஷ்டமா இருக்கு."

"கஷ்டப்பட்டு யோசிச்சு எடுத்தாத்தான்டா நிக்கும்."

முதல் நாள் அவன் பாதியில் எழுந்து போனான். மறுநாள் வந்தான். தேர்வு வரைக்கும் என் கடை மூலையில் இருவரும் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுத் திட்டிக்கொண்டார்கள்.

கோடையில் முடிவு வந்தது. ஸ்ட்ராட்டோஸுக்குச் சட்டப் படிப்பில் இடம் கிடைத்தது, மயிரிழையில். பிலிட்சா தெருவெல்லாம் இனிப்புக் கொடுத்தாள். என் கடைக்கும் வந்தாள்.

"எல்லாம் அந்தக் கண்ணேறு கழிச்சதாலதான், தீமியோ அண்ணே. வெள்ளிக்கிழமை எண்ணெய் வெச்சு மந்திரிச்சேன் பாருங்க, அதோட போச்சு!"

பக்கத்தில் நின்ற மகன் தலையில் அடித்துக்கொண்டான்.

கல்வி அமைச்சருக்கு என் விண்ணப்பம் ஒன்றே. அடுத்த ஆண்டு முதல் பெற்றோருக்கும் ஒரு நுழைவுத் தேர்வு வையுங்கள். ஒரே கேள்வி போதும்: "அது உனக்கு எப்படித் தெரியும்?" பக்கத்து வீட்டைப் பார்த்து எழுதக் கூடாது.