பம்பு கூப்பிடுகிறது

"என் ஊட்டுப் பம்புல வெளியாளு எவனும் கை வைக்கப்படாது. பேரிங்கை நானே மாத்துவேன்!"

மனுவேல் இப்படிச் சபதம் போட்டு மூன்று வாரம் ஆகிவிட்டது. சேலத்தில் வாங்கிய இரண்டு பேரிங்குகளும் பொட்டலம் பிரிக்காமல் பீரோவில் தூங்கின.

மலைமேல் கிளியூரில் அவர் வீட்டோடு சேர்ந்து நாலு வாடகை அறைகள். விறகு பாய்லரில் காயும் வெந்நீரை நாலு அறைக்கும் சுற்றிச் சுற்றி அனுப்புவது, சமையல்கட்டை ஒட்டிய கொட்டகையில் இருக்கும் சின்னப் பம்பு. பேரிங் தேய்ந்ததிலிருந்து அது கத்திய கத்தலில் குரங்குகளே அந்தப் பக்கம் வருவதை விட்டிருந்தன. வாடகைக்கு வந்தவர்கள் காதில் பஞ்சோடு குளித்தார்கள். மனுவேலுக்கோ அது தேவகானம். மனைவி லூர்துசெல்வி சொல்வது காதில் விழவில்லை என்று சொல்ல, இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு நியாயமான காரணம் கிடைத்திருக்கிறதே!

டிசம்பரில் அந்தக் காரணம் இன்னும் அவசியமாகிவிட்டது. கோயில் கேரல் குழுவுக்குத் தலைவி லூர்துசெல்வி. வீடு வீடாகப் பாடப் போகையில் பஞ்சுத் தாடி கட்டி முன்னால் ஆட ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா வேண்டும். போன வருடத்துத் தாத்தா இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். மனுவேலோ பக்கத்து ஊரான கொட்டச்சேட்டில் ஆள்கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர். காப்பி பறிக்கும் ஆட்களைப் பகலெல்லாம் அதட்டிவிட்டு, சாயங்காலம் அவர்கள் வாசலில் போய்க் குதித்தால் திங்கட்கிழமை எவன் மதிப்பான்?

வெள்ளிக்கிழமை அவள் ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, தாத்தா வேசத்துக்கு உங்க பேரைக் குடுத்துட்டேனுங்க!"

"பேரிங்கா? மாத்தோணும் செல்வி, மாத்தோணும்."

"பேரிங்கில்லீங்க, பேரு! தாடிகூட வாங்கியாச்சு!"

"ஆடியா? அதுக்கு இன்னும் ஏழு மாசம் கெடக்குது."

"நாளைக்கு ஆறு மணிக்குக் கொட்டச்சேட்டுல ஆடோணும்!"

"ஆடா? கறி இப்ப எதுக்கு, பண்டிகைக்கு எடுத்துக்கலாம். இந்தப் பம்பு சத்தத்துல ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது."

லூர்துசெல்வி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். தப்பித்தோம் என்று மனுவேல் மீசையைத் தடவிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை போனைக் காணவில்லை. தேட நேரமில்லாமல் எஸ்டேட்டுக்குப் போய், நாலு மணிக்குத் திரும்பினார். பம்பு வழக்கம்போல் அலறிக்கொண்டிருந்தது. தட்டில் தோசை விழுந்தது.

"என்ன புள்ள, தோசைல கிரீஸ் வாசம் அடிக்குது?"

"என்னங்க? பம்பு சத்தத்துல கேக்கலீங்க."

இவளும் கற்றுக்கொண்டுவிட்டாளே என்று மனுவேலுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஐந்து மணிக்குச் சிவப்பு அங்கியோடு வந்து நின்றாள். "நேரமாச்சுங்க."

"கேக்கல."

"வேசம் கட்டோணுமுங்க."

"கேக்கல!"

"குழு ரோட்டுல நிக்குதுங்க."

"கேக்கலைங்கறேன்ல! போனை வேற காணோம். எஸ்டேட் தொரை கூப்புட்டிருப்பாரு. கொஞ்சம் ரிங் உடு."

"உடட்டுங்களா?" என்றாள், கொசுவுக்குக்கூடக் கேட்காத குரலில்.

"உடு, உடு!"

அவள் தன் போனில் பட்டனை அழுத்தினாள். அவ்வளவுதான். அலறிக்கொண்டிருந்த பம்பு சட்டென்று வாயை மூடிக்கொண்டது. கொட்டகைக்குள்ளிருந்து சேவல் கூவியது. மனுவேல் ஆசையாசையாகத் தன் போனுக்கு ரிங்டோனாக வைத்திருந்த சேவல். பைபிளில் ஆண்டவரை மூன்று தடவை மறுதலித்த சீடன் காதில் சேவல் கூவியதற்கு என்ன அர்த்தம் என்று ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவருக்குத் தெரியாதா?

ஓடிப்போய்ப் பார்த்தார். புதுப் பேரிங்குகளோடு பம்பு மூச்சுக் காட்டாமல் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சுத்தியல், தேய்ந்த பேரிங் இரண்டு, கிரீஸ் அப்பிய தோசைக்கல்.

"மெக்கானிக் பென்னிகிட்ட போன்ல கேட்டேனுங்க," என்று சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது. "தோசைக்கல்லுல சூடு காட்டுனா பேரிங்கு பம்புத் தண்டுல வழுக்கிட்டு ஏறிக்குமாம். வெளியாளு யாரும் கை வைக்கலீங்க. பழைய சத்தத்தை மட்டும் உங்க போனுல புடிச்சு, கொடத்துக்குள்ள ஓட உட்டிருந்தேன்."

ஓரத்தில் ஒரு எவர்சில்வர் குடம். அதற்குள் கிடந்து அவர் போன் கூவிக்கொண்டே இருந்தது.

"எடுங்க, பம்பு கூப்புடுது."

வேறு வழி தெரியாமல் எடுத்துக் காதில் வைத்தார். "அலோ?"

"இப்பக் கேக்குதுங்களா, தாத்தா?"