பெட்டிக்கு அடியில் முப்பத்திரண்டு வீடுகள்

மனிதகுலம் தோன்றிய நாள் முதல் தீட்டப்பட்ட திட்டங்களில் தீட்டியபடியே நூற்றுக்கு நூறு நிறைவேறியது ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் 'எல்லைப்புற ஒருங்கிணைந்த இடஞ்சார் வளர்ச்சிப் பெருந்திட்டம்'. படத்தில் எந்த இடத்தில் எந்த நிறம் இருந்ததோ, தரையிலும் அதே இடத்தில் அதே நிறம் இருக்கிறது. ஒரு விரற்கடை பிசகவில்லை. முளை அடித்தவன் நான் என்பதால் இதைச் சற்றுக் கூச்சத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

திட்ட அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் ஒரு நீள மேசை. அதன் மேல் பெருந்திட்ட வரைபடம், வரைபடத்தின் மேல் கண்ணாடி. படத்தின் நடுவே நீல நிறத்தில் ஒரு கால்வாய் ஓடும். அதுதான் எல்லை. கால்வாய்க்கு இடப்பக்கம் நம் நாடு: சாலை, வயல், பள்ளிக்கூடம், பம்ப்செட் எல்லாம் உண்டு. வலப்பக்கம் வெறும் வெள்ளை. அங்கேயும் ஆட்கள் துணி துவைத்துக்கொண்டும் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டும் இருப்பதை நான் தினமும் பார்ப்பவன். ஆனால் திட்டத்துக்கு அது தெரியாது. அவர்களுடைய அலுவலகத்துப் படத்தில் நாம் வெள்ளையாக இருப்போம் என்று நினைக்கிறேன். மரியாதை என்றால் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும் அல்லவா.

இதில் ஒரு வசதியும் இருந்தது. "டீ கிளாசை நம்ம பக்கம் வைக்காதீங்க, எல்லைக்கு அந்தப் பக்கம் வைங்க" என்பது அலுவலகத்தின் கண்டிப்பான உத்தரவு. ஓராண்டில் பக்கத்து நாட்டுக் கண்ணாடியின் மேல் வட்ட வட்டமாக நாற்பது ஏரிகள் தோன்றிவிட்டன. நம் பக்கம் ஒரு ஏரிகூடக் கிடையாது.

நான் அங்கே முளைக்காரன். கட்டை, சுத்தி, நாடா மூன்றையும் தூக்கிக்கொண்டு அதிகாரி காட்டிய இடத்தில் அடிப்பது வேலை. அதற்கு முன்னால் இருபது வருடம் செங்கல் சுமந்தவன். எழுத்துப் படித்ததே நாற்பத்து மூன்றாவது வயதில். அதில் ஒரு சங்கடம் உண்டு. இளமையிலேயே படித்தவர்கள் ஒரு தாளைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டு தள்ளிவிடுவார்கள். என்னால் அப்படி முடியாது. எழுத்தெழுத்தாகக் கூட்டி, என்ன எழுதியிருக்கிறதோ அதையே படித்துத் தொலைப்பேன்.

வரைபடங்களில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். பச்சைக் கட்டம் போட்டுப் பக்கத்தில் 'தோட்டம்' என்றும், நீலக் கட்டம் போட்டு 'குளம்' என்றும், கறுப்புக் கட்டம் போட்டு 'விமான நிலையம்' என்றும் எழுதியிருப்பார்கள். படத்தில் எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று சொல்வதற்காக. அதற்குக் 'குறியீட்டு விளக்கம்' என்று பெயர். அலுவலகத்தில் படம் வரைகிற பெண்ணைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அது அந்தப் பெட்டியை முதலில் வலப்பக்கத்து வெள்ளையில் வைத்திருந்தது. கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. திட்ட அதிகாரி பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, நம்ம பெட்டி அவங்க நாட்டுக்குள்ள எப்படிப் போச்சு?"

"அங்க காலியா இருந்துச்சு சார்."

"காலியா இருந்தா போயிடலாமா? இதுக்குப் பேரு ஊடுருவல். நாளைக்கு அவங்க பெட்டியக் கொண்டாந்து இங்க வச்சா நீ போய்ப் பதில் சொல்லுவியா?"

மூன்று மணி நேரம் அவசரக் கூட்டம் நடந்தது. 'பெட்டியை உடனடியாகத் தாயகம் திருப்புவது' என்று ஒருமனதாகத் தீர்மானம். தங்கச்சி பெட்டியை இழுத்துக் கால்வாயைத் தாண்டி இந்தப் பக்கம் போட்டது. சண்டை சச்சரவு ஏதுமின்றிப் பெட்டி நாடு திரும்பியதற்காக அதிகாரி எல்லோருக்கும் டீ சொன்னார். கிளாசுகள் வழக்கம்போல எல்லை தாண்டின.

பெட்டி இறங்கிய இடம் எங்கள் தெரு. முப்பத்திரண்டு வீடு. அதில் பதினேழாவது என்னுடையது. பதினெட்டாவது என் மனைவியின் அண்ணனுடையது. அவர் தையல்காரர். பெட்டி மேலே உட்கார்ந்ததால் தெரு கீழே போய்விட்டது. அதை அன்றே பார்த்தவன் நான் ஒருவன்தான். ஆனால் முளைக்காரனிடம் யாரும் படத்தைப் பற்றிக் கேட்பதில்லை. நானும் அச்சுக்குப் போவதற்குள் சரிசெய்துவிடுவார்கள் என்று நம்பினேன். படித்தவர்கள் அல்லவா.

படம் ஏழு குழுக்களுக்குப் போனது. ஏழு குழுவும் பார்த்தன, பாராட்டின, ஒப்பமிட்டன. பிறகு நிலப்பயன்பாட்டுப் பிரிவு படத்தில் இருந்த நிறங்களையெல்லாம் வரிசையாக அளந்து பட்டியல் போட்டது. மிகவும் நேர்மையான பிரிவு. நிறம் எங்கே இருந்தாலும் அளக்கும். பெட்டிக்குள் இருந்ததையும் அளந்துவிட்டது.

பட்டியலோடு அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"முளைக்காரரே, கால்வாய் ஓரமா எட்டு எடத்துல முளை அடிக்கணும். தோட்டம், குளம், பஸ் நிலையம், மருத்துவமனை, கிடங்கு, காடு, விமான நிலையம், சுடுகாடு."

"எட்டும் ஒரே எடத்துலயா சார்?"

"ஒரே வரிசையில. ஒவ்வொண்ணும் இருபதடிக்கு இருபதடி."

"விமான நிலையமுமா?"

"பட்டியல்ல அப்படித்தான் இருக்கு."

"சார், அது படத்துல இருக்கிற விளக்கப் பெட்டி சார். நெறம் தெரியறதுக்காகப் போட்டது. அதுக்கு அடியிலதான் எங்க தெரு இருக்கு."

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "ஏம்ப்பா, ஏழு குழு பார்த்த படம். ஏழு குழுவுக்கும் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா? இது பெட்டின்னா, ஒரு பெட்டிக்குள்ள விமான நிலையம் கட்ட அவங்க ஒப்புதல் குடுத்ததா ஆகும். அவங்க மானம் என்ன ஆகிறது?"

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. எங்களுக்குப் போவது வீடு மட்டும்தான். அவர்களுக்குப் போவது மானம்.

வீட்டில் சொன்னேன். மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"நம்ம வீட்டுல என்ன வருதாம்?"

"விமான நிலையம்."

"முழுசாவா?"

"முக்கால்வாசி. ஓரத்துல கொஞ்சம் சுடுகாடு."

"அண்ணன் வீட்டுல?"

"சுடுகாடுதான்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "அண்ணே, எங்களுக்கு ஏரோப்ளேன் வருதாம். உனக்குச் சுடுகாடு."

சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. "நான் இன்னும் மூணு ரவிக்கை குடுக்கணும், அதுக்கப்புறம் வரச் சொல்லு" என்றார் மச்சான்.

அடுத்த வாரம் பள்ளிக்கூட மண்டபத்தில் 'மக்கள் கருத்துக் கேட்பு' நடந்தது. கேட்பு என்பதால் மக்கள் கேட்க வேண்டும், அதிகாரி பேசினார். உலகிலேயே நூற்றறுபது அடி தூரத்தில் தோட்டம் தொடங்கிச் சுடுகாடு வரைக்கும் சகல வசதியும் பெறப்போகிற ஒரே தெரு எங்களுடையது என்றார். பிறந்தவன் மருத்துவமனையில் பிறந்து, பஸ் ஏறி, விமானம் ஏறி, வரிசையைவிட்டு வெளியே வராமலேயே வாழ்ந்து முடித்துவிடலாம். கேட்கக் கேட்க எனக்கே ஆசையாக இருந்தது.

மச்சான் எழுந்தார். "எல்லாம் சரிங்கய்யா. நாங்க எங்க இருக்கிறது?"

"நீங்க பயனாளிகள்."

"பயனாளிங்க எங்க இருக்கிறது?"

"அது அடுத்த கட்டம்."

"அடுத்த கட்டம் சுடுகாடுங்கய்யா. பட்டியல்ல பார்த்துட்டேன்."

மண்டபம் சிரித்தது. என் மனைவி எழுந்து நேராகச் சுவரில் தொங்கிய படத்தின் அருகே போனாள். பெட்டியின் மேல் விரலை வைத்தாள்.

"சார், இந்தக் கட்டம் எதுக்குப் போட்டிருக்கீங்க?"

"விமான நிலையம்மா."

"இல்ல சார். விமான நிலையம்னு ஒண்ணு எங்கயாச்சும் இருந்தா அது இந்த நெறத்துல இருக்கும்னு சொல்லத்தானே போட்டிருக்கு? துணிக்கடையில ஓரத்துல மாதிரித் துண்டு வச்சிருப்பாங்களே, அது மாதிரி. மாதிரித் துண்டை யாராவது உடுத்துவாங்களா?"

"உங்களுக்கு வரைபடம் படிக்கத் தெரியுமாம்மா?"

"தெரியாது சார். அதனாலதான் தெரியுது."

கூட்டக் குறிப்பில் இது இவ்வாறு பதிவானது: 'பொதுமக்கள், குறிப்பாகப் பெண்கள், வரைபடத்தைத் தொட்டுப் பார்த்துத் தங்கள் ஆர்வத்தைத் தெரிவித்தனர்.'

திட்டத்தின் மனிதாபிமானத்தை இங்கே சொல்லாவிட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். படத்தில் தெரு தெரியாததால் அங்கே குடியிருப்பு இல்லை என்று முடிவானது. குடியிருப்பு இல்லாததால் யாரையும் வெளியேற்ற வேண்டிய கொடுமையும் இல்லை. 'நேரில் ஆய்வு செய்ததில் மேற்படி இடம் ஆளற்றது' என்று அதிகாரி சான்றும் அளித்தார். ஆனாலும் ஆளற்ற இடத்தில் இருக்கிற ஆட்களை அப்படியே விட்டுவிட மனம் வராமல், ஆளுக்கொரு நோட்டீஸ் அனுப்பினார். முப்பத்திரண்டு நோட்டீஸ், கதவு எண் போட்டு. கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். பதினேழாம் எண்ணை நானே கொடுத்து நானே வாங்கிக்கொண்டேன்.

பிறகு முளை. எங்கள் வீட்டில் அடித்த அன்று மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி அடிங்க. அடுப்பு இருக்குல்ல."

"தள்ளி அடிச்சா ஓடுபாதை கோணிடும்."

"இருபதடி ஓடுபாதையில எந்த விமானம் இறங்கும்?"

"அது விமானத்தோட பாடு."

"உங்க கையாலயே அடிக்கணுமா?"

"வேற ஆளு அடிச்சா கதவையும் சேத்து ஒடைப்பான். நான் கழட்டி வச்சிட்டு அடிக்கிறேன்."

அவள் சாக்கை ஓரமாக வைத்தாள். நாடாவின் மறுமுனையை வந்து பிடித்துக்கொண்டாள்.

ஒன்பது நாளில் வேலை முடிந்தது. நாங்கள் வெளியேற்றப்படாதவர்கள் என்பதால் மாற்று இடம் கேட்கிற உரிமை எங்களுக்கு இல்லை. ஊருக்குள் போய் ஆளுக்கொரு மூலையில் ஒண்டிக்கொண்டோம். நகராட்சிப் பதிவேட்டில் எங்கள் முப்பத்திரண்டு குடும்பத்துக்கும் 'காரணம் தெரியாமல் வந்து சேர்ந்தோர்' என்று பெயர். மச்சான் மட்டும் மெஷினை ஒரு பஸ் நிழற்குடையில் போட்டுக்கொண்டார். பழைய தெருவில் வரப்போகிற பஸ் நிலையத்தைவிட இது பெரிதாக இருக்கிறது என்றார்.

கால்வாய் ஓரத்தில் எட்டுச் சதுரங்கள் எழுந்தன. இருபதடிக்கு இருபதடி சிமெண்டுத் தளம். பச்சைச் சதுரம், பக்கத்தில் 'தோட்டம்' என்று பலகை. நீலச் சதுரம், 'குளம்' என்று பலகை. கறுப்புச் சதுரம், 'விமான நிலையம்'. படத்தில் இருந்தது அப்படியே இருந்தது. தோட்டத்தில் செடியோ குளத்தில் தண்ணீரோ படத்தில் காட்டப்படவில்லை என்பதால் தரையிலும் வைக்கப்படவில்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஆட்கள் கரையில் நின்று வெகுநேரம் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் கைகளை விரித்து விமானம் போலக் காட்டி, 'அதுவா?' என்று தலையை ஆட்டிக் கேட்டார். 'அதுதான்' என்று நானும் தலையாட்டினேன்.

திறப்பு விழாவுக்குத் தலைநகரிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தார். எட்டு நாடாக்களை வெட்டினார். பிறகு அலுவலகத்துக்கு வந்து டீ குடித்தபடி கணினித் திரையில் படத்தைப் பார்த்தார்.

"எல்லாம் நல்லா இருக்கு. இந்தப் பெட்டி மட்டும் நடுவுல கண்ணை உறுத்துது. கீழ ஓரத்துக்குத் தள்ளிடுங்களேன்."

"தள்ளிடலாம் சார். இப்பவே தள்ளிடலாம் சார்" என்றார் அதிகாரி.

தங்கச்சி பெட்டியைப் பிடித்து இழுத்தது. அது ஓரத்தில் போய் உட்கார்ந்தது. அது இருந்த இடத்தில் எங்கள் தெரு தெரிந்தது. முதல் முறை அளந்து போட்ட கோடுகள். அழியாமல் அடியிலேயே இருந்திருக்கின்றன. முப்பத்திரண்டு சின்னச் சின்ன வீடு. பதினேழாவதின் பின்புறம் நாங்கள் போட்ட தகரச் சாய்ப்புகூட இருந்தது.

பெரிய மனிதர் போனபிறகு நான் மெதுவாகக் கேட்டேன். "இத நகர்த்த எவ்வளவு நேரம் ஆச்சும்மா?"

"ஒரு நிமிஷங்கூட ஆகலண்ணே."

"அன்னைக்கே நகர்த்தியிருக்கலாமே."

"அன்னைக்கு யாரும் சொல்லலியே."

"நாங்க சொன்னோமே."

அது திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. "நீங்க சொன்னீங்கண்ணே" என்றது.

புதிய படம் அச்சாகி ஏழு குழுக்களுக்கும் போனது. ஏழும் உடனே கண்டுபிடித்துவிட்டன: படத்தில் ஒரு தெரு இருக்கிறது, தரையில் காணோம். எப்படிக் காணாமல் போகும்? யார் கடைசியாக அங்கே போனது? விசாரணை வைத்தார்கள். முளைக்காரன் ஒருவன் சுத்தியலோடு அங்கே நடமாடியதைப் பார்த்ததாக அதிகாரி எழுதிக்கொடுத்தார். 'முப்பத்திரண்டு வீடுகள் மறைந்தது குறித்து மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவும்' என்று அதிகாரியின் கையெழுத்தோடு எனக்கு ஓலை வந்தது.

என்னை மதித்து எழுத்துமூலம் கேட்டதற்காகத் திட்டத்துக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன். ஒரு பக்கத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அதன் நகல் இது:

'ஐயா, தெருவை நான் எடுக்கவில்லை. அந்த இடம் ஆளற்றது என்று நேரில் வந்து பார்த்துச் சான்று எழுதியவர் தாங்கள். பதினேழாம் எண் வீட்டு வாசலில், முக்காலியில் உட்கார்ந்து எழுதினீர்கள். வெயிலாக இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டீர்கள். தண்ணீர் கொடுத்தது என் மனைவி. குடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டீர்கள்.'