டிக்கிக்குள் ஒரு ஜப்பான்காரர்

வியாழக்கிழமையானால் எசென்குல் வீட்டுத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. நிற்பது முழுக்க வண்டிகள். எல்லாம் ஜப்பானில் ஓடி முடித்து, கப்பலேறி, மலையேறி, எங்கள் நாரின் ஊருக்கு வந்து சேர்ந்தவை. பாதி வண்டிகளின் டிக்கி மூடாமல், கயிறு போட்டுக் கட்டியிருக்கும். பக்கத்திலேயே ஓர் ஆடும் கட்டியிருக்கும். ஆடு காணிக்கை. அந்தக் கூட்டத்தில் நடப்பது புரிந்ததுபோல் முகத்தை வைத்திருப்பது அது ஒன்றுதான்.

எசென்குல் முன்பு டயர் விற்றவர். ஒரு குளிர்காலத்தில் திடீரென்று அவருக்குக் கண் திறந்துவிட்டது. அன்றிலிருந்து நமக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரிகிறது. அதுவரை டயர் மட்டும்தான் தெரிந்தது.

அவர் கண்டுபிடித்தது இதுதான். பொத்தானை அமுக்கினால் தானாக மூடும் டிக்கி, பாதி இறங்கி, பூட்டைத் தொட்டு, மறுபடி மேலே போனால் அது கோளாறு இல்லையாம். வண்டியின் பழைய முதலாளி ஜப்பானில் செத்துப்போய், வண்டியைப் பிரிய மனமில்லாமல் உள்ளேயே உட்கார்ந்து வந்திருக்கிறாராம். வெளியே போகத்தான் கதவைத் தள்ளுகிறாராம். திறந்ததும் போய்த் தொலைய வேண்டியதுதானே என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு நாங்கள் என்ன போலீஸா?

வைத்தியம் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கொட்டகையில் நடக்கும். இரண்டு பக்கமும் நிலக்கரி அடுப்பு சிவக்கச் சிவக்க எரியும். வண்டியை உள்ளே விட்டதும் வெகுநேரம் தேநீர் கொடுப்பார். பிறகு மணக்கும் அர்ச்சா மரக் குச்சியைக் கொளுத்தி டிக்கியைச் சுற்றிப் புகை போடுவார். அப்புறம் ஆவியை ரஷ்ய மொழியில் திட்டுவார். ஜப்பான் ஆவிக்கு ரஷ்ய மொழி தெரியுமா என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் யாரைத் திட்டினாலும் அந்த மொழியில்தான் திட்டுவோம், அப்போதுதான் உறைக்கும். திட்டி முடித்துப் பொத்தானை அமுக்குவார். டிக்கி சமர்த்தாக வந்து மூடிக்கொள்ளும். நாங்கள் தொழுது முடித்ததுபோல் உள்ளங்கையால் முகத்தைத் தடவிக்கொள்வோம்.

கிளம்பும்போது ஒரு புட்டி ஊற்றுத் தண்ணீர் கொடுப்பார். ஆவி திரும்பி வராமலிருக்கத் தினமும் விடிகாலையில் டிக்கிப் பூட்டுக்குள் ஊற்ற வேண்டும். வந்துவிட்டால்? இன்னோர் ஆடு. அதற்கும் அடங்காவிட்டால் அந்த வண்டி வீட்டுக்கு ஆகாது, உயிர்ப்பலி கேட்கும். அப்படிப்பட்ட வண்டியை, தன் உயிரைத் துச்சமாக மதித்து, இரண்டு ஆட்டு விலைக்கு எடுத்துக்கொள்ள அவருடைய அக்காள் மகன் நூர்தான் என்பவன் தயாராக இருப்பான். இதுவரை எத்தனையோ எடுத்துத் தலைநகர் பிஷ்கெக் சந்தையில் விற்றுவிட்டான். ஓர் ஆவியும் அவனை மெலிய வைக்கவில்லை.

என் பக்கத்து வீட்டுப் புருல்சாவின் வண்டிக்கும் அந்த முறை வந்துவிட்டது. அவள் விடியும்முன் ரொட்டி சுட்டுக் கடைகடையாகப் போடுகிறவள். அந்த வண்டிக்காக அவள் புருஷன் மாஸ்கோவில் சிமென்ட் மூட்டை தூக்கினான், இன்னும் தூக்குகிறான். ஒருநாள் பாலத்தடியில் டிக்கி திறந்துகொண்டு ரொட்டியெல்லாம் சேற்றில் விழுந்தது. மாமனார் தோக்தோசுன் வண்டியை எசென்குல்லிடம் ஓட்டிப் போனார். முதலில் ஒன்று, ஆவி திரும்பி வந்ததும் இன்னொன்று என்று இரண்டு ஆடும் போயின.

நடுவில் கிழவருக்கு ஒருநாள் காய்ச்சல். தண்ணீர் ஊற்ற ஆளில்லை. புருல்சா பூட்டைத் துடைத்தாள், தலைமுடி காயவைக்கும் கருவியால் சூடு காட்டினாள், கொஞ்சம் கிரீஸ் தடவினாள். டிக்கி ஓரத்து ரப்பர் கிழிந்து, பனி உருகிய தண்ணீர் பூட்டுக்குள் இறங்கியிருந்ததைப் பார்த்து அதையும் ஒட்டினாள். டிக்கி ஒழுங்காக மூடியது. மறுநாள் கிழவர் எழுந்து போய் ஊற்றினார். திறந்துகொண்டது.

"மாமா, தண்ணி ஊத்தாத அன்னிக்கு நல்லாத்தானே இருந்துச்சு?"

"எனக்குக் காய்ச்சல்னு அது பாவம் பார்த்திருக்கும்மா."

இரண்டு ஆட்டுக்கும் அடங்காத வண்டி இனி வீட்டுக்கு ஆகாது என்று கிழவர் முடிவு கட்டிவிட்டார்.

அந்த வியாழக்கிழமை வண்டியை நூர்தானிடம் கைமாற்றக் கிழவர் புறப்பட்டார். புருல்சாவும் கூட வந்தாள். வேடிக்கை பார்க்க நானும் போனேன். மூக்கு விறைக்கும் குளிர். நூர்தான் சாவிக்காகக் கையை நீட்டிவிட்டான்.

"ஐயா, ஒரு சின்ன சந்தேகம்" என்றாள் புருல்சா.

கூட்டம் திரும்பியது. நாலு பேர் நடுவில், மாமனார் முன்னால் மருமகள் வாய் திறப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை.

"கேளும்மா" என்றார் எசென்குல், பெருந்தன்மையாக.

"உங்க வண்டியும் ஜப்பான்லேர்ந்துதானே வந்துச்சு?"

"ஆமா."

"அதோட பழைய முதலாளி உசுரோட இருக்காரா?"

"அது... யாருக்கும்மா தெரியும்?"

"அய்யய்யோ! உங்களுக்கே தெரியலையா? ஊரையே காப்பாத்துற மனுஷன், உங்களுக்கு ஒண்ணுன்னா நாங்க என்ன பண்ணுவோம்?"

சொல்லிக்கொண்டே வாசலில் பளபளவென்று நின்ற அவருடைய கறுப்பு வண்டியின் டிக்கியைத் திறந்தாள். கோட்டுக்குள்ளிருந்து அவர் கொடுத்த புட்டியை எடுத்து, பூட்டுக்குள் மடமடவென்று ஊற்றினாள்.

"அடியேய்! பூட்டுல ஊத்தாதடி! உறைஞ்சு போயிடும்!"

எசென்குல் கத்திக்கொண்டே ஓடிவந்தார். தோக்தோசுன் மெல்ல அவர் முன்னால் வந்து நின்றார்.

"என்ன சொன்னீங்க?"

"இல்ல, அது வந்து... நம்பிக்கையோட ஊத்தினா உறையாது. இவ நம்பிக்கையில்லாம ஊத்துறா."

"அப்போ நான் தினமும் நடுங்கிக்கிட்டு ஊத்தினேனே, என் நம்பிக்கை அழுகிப் போச்சுங்கிறியா?" கிழவர் 'ங்க'வை விட்டுவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க மாமா" என்றாள் புருல்சா. "கொட்டகைல ரெண்டு அடுப்பு எரியுது. பூட்டுல இருக்கிற பனிக்கட்டி உருகுது, டிக்கி மூடுது. வீட்டுக்கு வந்து நாமளே தண்ணி ஊத்துறோம், திரும்ப உறையுது. பூட்டு கவ்வலைன்னா, யார் விரலாவது மாட்டியிருக்கோன்னு மோட்டார் மேல தூக்கிடும். இதுல ஜப்பான்காரர் எங்க வந்தாரு?"

எசென்குல் வீட்டுச் சன்னல் வழியாக மின்கம்பி இழுத்து, கையோடு கொண்டுவந்த கருவியால் தன் வண்டிப் பூட்டுக்குச் சூடு காட்டினாள். துணியால் ஒற்றி எடுத்தாள். கிரீஸ் தடவினாள். புகையில்லை, திட்டுமில்லை. திறந்த வெளியில், அத்தனை குளிரில், பொத்தானை அமுக்கினாள். டிக்கி இறங்கி 'டொக்'கென்று மூடியது. அமுக்கி அமுக்கிக் காட்டினாள், ஒவ்வொரு முறையும் மூடியது.

பிறகு எசென்குல்லின் வண்டிப் பொத்தானை அமுக்கினாள். இறங்கியது. பூட்டைத் தொட்டது. மேலே போய்விட்டது.

"ஆவி அங்க தாவிடுச்சுடோய்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். பாவி, அவன் கேலி பேசவில்லை, நிஜமாகவே கத்தினான்.

தோக்தோசுன் தொண்டையைச் செருமினார். "ஐயா, இந்த வண்டி இனிமே உங்க வீட்டுக்கு ஆகாது. என் உசுரு போனாலும் பரவாயில்ல, நானே எடுத்துக்கறேன். ரெண்டு ஆடு போதும்ல?"

அப்போதுதான் தெரு சிரித்தது. எசென்குல் வீட்டுக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டார். நூர்தான் எந்தச் சந்து வழியாகப் போனானோ, ஆளைக் காணோம். எல்லோரும் அவரவர் ஆட்டை அவிழ்த்துக்கொண்டார்கள். தோக்தோசுன் சாவியை மருமகள் கையில் வைத்து, "நீயே வச்சுக்கம்மா" என்றார். மறுநாள் விடியும்முன் அவள் வண்டி ரொட்டியோடு பாலத்தைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வெளியே வைத்த வாளித் தண்ணீர் காலைக்குள் கல்லாகிவிடும் என்பது எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தும், வரிசையில் நின்று, ஆட்டைக் கொடுத்து, பூட்டுக்குள் தண்ணீர் ஊற்றினோம். 'இதெல்லாம் உங்க புத்திக்கு எட்டாது' என்று இனி எவனாவது சொன்னால், அவன் கை உங்கள் வீட்டில் எதுவரை எட்டுகிறது என்று முதலில் பாருங்கள்.