மூணு புள்ளியும் ஒரு அரக்குப் புடவையும்

வியாழக்கிழமை காலையில் வேதாந்தம் ஒரு சபதம் செய்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த ஆசிலாஸ்கோப்பை ஓட வைத்தே தீருவது. பெண்டாட்டியிடம் மட்டும் உதவி கேட்பதில்லை. சபதத்தில் இரண்டாவது பாதிதான் முக்கியம்.

ஆசிலாஸ்கோப் என்றால் மின்சாரத்தின் துடிப்பை வட்டத் திரையில் கோடாக வரைந்து காட்டுகிற பெட்டி. வேதாந்தம் மாணவராக இருந்தபோதே அதற்கு வயசாகிவிட்டது. முப்பத்தைந்து வருஷம் அவர் பிஸிக்ஸ் சொல்லிக்கொடுத்த கல்லூரியில் ஞாயிற்றுக்கிழமை பழைய கருவிகள் கண்காட்சி. "சார், நீங்களே வந்து சுவிட்சைப் போடணும்" என்று கூப்பிட்டார்கள். இவர் பெருமை தாங்காமல், "பெட்டியை ஆத்துக்கு அனுப்புங்கோ, ஓட வச்சே தரேன்" என்று சொல்லிவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கெப்பாசிட்டர் செத்துக் கிடந்தது. புளியங்கொட்டை அளவுதான். மேலே எண் கிடையாது, எழுத்து கிடையாது. மூன்று வண்ணப் புள்ளிகள். அந்தக் காலத்தில் அப்படித்தான், நிறமே எண். சிவப்புன்னா ரெண்டு, பச்சைன்னா அஞ்சு. செத்துப்போனதை மீட்டர் வைத்து அளக்கவும் முடியாது. பின்னிரண்டு புள்ளிகளை அனுபவத்தில் ஊகித்துவிட்டார். ஆக, அதன் கொள்ளளவு இருநூறு, இல்லாவிட்டால் ஐந்நூறு. இரண்டுக்கும் மாற்று அவருடைய டப்பாவில் தயாராக இருந்தது. முதல் புள்ளி சிவப்பா, பச்சையா? அது தெரிந்தால் போதும்.

அதுதான் தெரியவில்லை. வேதாந்தத்துக்குச் சிவப்பும் பச்சையும் பிறவியிலிருந்தே ஒன்று. இருபத்திரண்டு வயசில் ரயில்வே வேலைக்குப் போனபோது டாக்டர் ஒரு புள்ளிப் புத்தகத்தை விரித்து, "என்ன நம்பர்?" என்றார். "எங்கே நம்பர்?" என்றார் இவர். வேலை போயிற்று. பெண் பார்க்கப் போனபோது இதைச் சொல்லவில்லை. கல்யாணம் ஆனதும் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார். முப்பத்தேழு வருஷம் ஆகிவிட்டது.

கல்லூரியில் எப்படிப் பிழைத்தார்? கேள்வி கேட்டே பிழைத்தார். "இது என்ன கலர், நீ சொல்லு பார்ப்போம்!" என்பார். பையன்கள் சொல்வார்கள். மாணவர்களைச் சிந்திக்க வைக்கிற ஆசிரியர் என்று ஊரே கொண்டாடியது. பாராட்டு விழாவில் ஒரு சால்வை போர்த்தினார்கள். அது என்ன கலர் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

பழைய லேப் அட்டெண்டர் அமிர்தசாமியைப் போனில் பிடித்தார். அவரோ காட்டூரில் மகள் வீட்டில் கண் ஆபரேஷன் பண்ணிக்கொண்டு, கூலிங் கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். "எனக்கு இப்ப எல்லாமே கறுப்புதாங்க சார்" என்றார் பாவம்.

வேதாந்தம் யோசித்தார். உதவிதானே கேட்கக் கூடாது? கேள்வி கேட்கலாமே!

"வத்ஸலா, இங்கே வாயேன்."

"சாத்தமுது கொதிக்கறது."

"ஒரு நிமிஷம். இந்த முதல் புள்ளி என்ன கலர், சொல்லு பார்ப்போம்."

வத்ஸலா குனிந்து பார்த்தாள். "ஏன், உங்களுக்குத் தெரியலையா?"

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியறதான்னு பார்க்கறேன்."

"எனக்கும் தெரியறது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வேறு வழியில் வந்தார். "தில்லை நகர் கண் டாக்டர் சொன்னார். ஒரு வயசுக்கு மேலே கலர் சரியாத் தெரியறதான்னு ஆத்துலேயே சோதிச்சுக்கணுமாம். உன் நல்லதுக்குத்தான் கேக்கறேன்."

வத்ஸலா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். கெப்பாசிட்டரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். வேதாந்தமும் கூடவே கழுத்தைத் திருப்பினார்.

"உங்க தங்கை கல்யாணத்துலே கட்டிண்டேனே, அந்தப் புடவைக் கலர்."

"ஓ... அதுவா!"

"ஞாபகம் இருக்கோல்லியோ?"

"அது எப்படி மறக்கும்?"

"என்ன கலர், சொல்லுங்கோ பார்ப்போம்."

"நீ சொன்ன அதே கலர்தான்" என்று தப்பித்து ஓடினார் மனுஷர்.

ஆனால் அவருக்கு உள்ளூர ஒரே குஷி. அந்தப் புடவையை அவருக்கா தெரியாது? தெருவிலேயே அதைப் பற்றிப் பீற்றிக்கொள்கிறவர் அவர்தானே. "என் ஆத்துக்காரி மாதிரி சிக்கனம் யாருக்கு வரும்? மாசம் தவறாம உறையூர் நாச்சியாரைச் சேவிக்கப் போவா, பை நிறையப் பிரசாதத்தோட வருவாளே தவிர, ஒரு கடை வாசலை மிதிக்க மாட்டா. நாள் கிழமைன்னா எப்பவும் அதே புடவைதான்!" என்பார். நிறம் மட்டும்தான் தெரியாது. புள்ளியை வேறு யாரிடமாவது காட்டினால் ரகசியம் வத்ஸலா காதுக்குப் போய்விடும், புடவையைக் கேட்டால் யாருக்குச் சந்தேகம் வரும்? தங்கையின் கல்யாண ஆல்பத்தை எடுத்துக்கொண்டு எதிர் ஃப்ளாட் ஹம்ஸாவிடம் போனார்.

"ஹம்ஸா, இந்தப் போட்டோலே மாமி கட்டிண்டிருக்கற புடவை என்ன கலர், சொல்லு பார்ப்போம்!"

ஹம்ஸா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்ல அரக்கு மாமா. உடம்பு தேவலையா உங்களுக்கு?"

அரக்கு! அரக்கு என்றால் சிவப்புக் குடும்பம். சிவப்புன்னா ரெண்டு. ரெண்டுன்னா இருநூறு. வேதாந்தம் வாசலைத் தாண்டி வந்தது கூடத் தெரியாமல் வந்து, இருநூறை எடுத்துப் பற்றவைத்து, சனிக்கிழமை காலை சுவிட்சைப் போட்டார்.

திரையில் கோடு வந்தது. வந்த வேகத்தில் ஓடியது. எந்தக் குமிழைத் திருகினாலும் சுவரில் பல்லி ஓடுகிற மாதிரி ஓடியதே தவிர நிற்கவில்லை. நாளைக்கு அத்தனை பேர் முன்னால், முப்பத்தைந்து வருஷம் பாடம் நடத்திய லேபில், இப்படியா ஓட விடுவது? வேதாந்தம் ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்தார். கண் கலங்கிவிட்டது.

"வத்ஸலா" என்று கூப்பிட்டார். "எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாதும்மா. பிறந்ததிலேர்ந்தே. உங்கிட்டே மறைச்சுட்டேன்."

அவள் காபியை அவர் பக்கத்தில் வைத்தாள். "தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"பொண் பார்க்க வந்தேளே, அன்னிலேர்ந்து. நான் பச்சைப் புடவையிலே வந்து சேவிச்சேன். நீங்க வாசல்லே செருப்பு மாட்டிண்டே உங்கம்மாகிட்டே, 'அந்தச் சிவப்புப் புடவையிலே எவ்வளவு லட்சணமா இருக்கா'ன்னேள். நான் ஜன்னலண்டைதான் நின்னுண்டிருந்தேன்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலே?"

"நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். போறும், அழாதேங்கோ. அந்தப் புள்ளி பச்சை."

"பச்சையா! ஹம்ஸா அரக்குன்னாளே?"

"எந்தப் போட்டோவைக் காட்டினேள்? முகூர்த்தம்தானே? அது அரக்கு. நான் சொன்னது மாலை மாத்தறச்சே கட்டிண்டது."

"ரெண்டும் ஒரே புடவை இல்லையா?"

வத்ஸலா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

பச்சைன்னா அஞ்சு. ஐந்நூறை எடுத்துப் பற்றவைத்தார். அவள் டார்ச் பிடித்தாள். சுவிட்சைப் போட்டதும் கோடு வந்தது, அலையாக வளைந்தது, அப்படியே நின்றது. இரண்டு பேரும் காபி ஆறிப்போகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நல்லவளிடமா முப்பத்தேழு வருஷம் ஒளித்தோம் என்று வேதாந்தத்துக்கு மனசு இளகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. பெட்டியை ஆட்டோவில் ஏற்றியாயிற்று. வேதாந்தம் நெற்றியில் திருமண் பளிச்சிட வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"வத்ஸலா, இன்னிக்கு நீயும் மேடைக்கு வரணும். நாள் கிழமைக்கெல்லாம் கட்டிப்பியே, அந்த அரக்குப் புடவையையே கட்டிண்டு வா!"

உள்ளேயிருந்து பீரோக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் வத்ஸலாவின் குரல்.

"எதைச் சொல்றேள்? இங்கே பதினேழு இருக்கு. அதிலே ஒண்ணுதான் அரக்கு."