பதினேழாவது ஷரத்து

'வழி இருக்கு' வக்கீல் என்று ஒரு வகை மனிதர் உண்டு. உங்கள் ஊரிலும் கட்டாயம் ஒருவர் இருப்பார். வீடு கட்டி விற்கிறவர்கள் ஏறி இறங்கியே தேய்ந்துபோன மாடிப்படிக்கு மேலே, கட்டிட வரைபடங்களைச் சுருட்டி மூலையில் சாத்திவைத்த அறையில், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "சார், இந்த இடத்துல கட்டலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் ஒரு நீண்ட பெருமூச்சு. பிறகு, "கஷ்டம்." பிறகு, நீங்கள் மனமுடைந்து எழுந்து வாசல் வரை போனதும், முதுகுக்குப் பின்னால் அந்த இரண்டு சொல்: "வழி இருக்கு."

நம்ம ஆளும் இந்த வகைதான். ஆறு மாடிக்குத்தான் அனுமதியா? ஏழாவதை 'தண்ணீர்த் தொட்டியைப் பராமரிக்கும் அறை' என்று எழுதுவார். அந்த அறைக்குள் இரண்டு படுக்கையறையும் ஒரு சமையலறையும் இருக்கும். தெருவுக்கு விடவேண்டிய இடத்தில் படிக்கட்டு வந்துவிட்டதா? யார் சொன்னது படிக்கட்டு என்று? அது 'அலங்கார மேடை'. குளத்தையே ஒருமுறை 'மழைக்காலத்தில் சற்று ஈரமாகும் நிலம்' என்று எழுதிக் கரையேற்றியவர்!

இப்பேர்ப்பட்டவர் வீட்டில் ஒரு வழக்கு மட்டும் இருபத்திரண்டு வருடம் இழுத்தது. மனைவியின் மனு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் மூக்கில் இடிக்கும் வாடகை வீட்டில், பட்டப்பகலில் விளக்குப் போட்டுச் சமைத்த அம்மாள் அவர். "நகைநட்டெல்லாம் வேணாங்க. காலையில வெயில் வர்ற மாதிரி அடுப்படியில ஒரு ஜன்னல். அவ்வளவுதான்."

ஒருவழியாக மனு ஏற்கப்பட்டது. அவருடைய கட்சிக்காரரான பில்டர் கட்டிய குடியிருப்பில் மூன்றாம் மாடி, கிழக்குப் பார்த்த சமையலறை, கீழே பூங்கா. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தாரா என்கிறீர்களா? எதற்கு? எழுதியதே அவர்தானே! பக்கம் பக்கமாகப் புரட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடிவிட்டார்.

குடிவந்த நான்காம் மாதம், பூங்காவில் மண் தோண்டும் இயந்திரம் வந்து நின்றது.

"என்னங்க, பார்க்குல பள்ளம் தோண்டுறாங்க!"

பில்டருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஒரே குதூகலம்.

"இன்னொரு பிளாக் சார், எட்டு மாடி! நீங்க சொன்ன வழிதானே? பதினேழாவது ஷரத்து!"

அடக் கடவுளே! பத்திரத்தை எடுத்துப் பிரித்தார். 'தற்போது பூங்காவாக உள்ள திறந்தவெளியை எவ்வகையிலும் மாற்றிக்கொள்ளக் கட்டுநருக்கு முழு உரிமை உண்டு. வாங்குவோர் இதற்கு இப்போதே சம்மதிக்கின்றனர்.' கீழே அவருடைய கையெழுத்து, சுழியெல்லாம் போட்டு, அழகாக.

"கேஸ் போடுங்க. ஊருக்கெல்லாம் வழி சொல்றீங்க, நமக்கு ஒண்ணு இருக்காதா?"

மூன்று நாள் அந்த ஷரத்தோடு மல்லுக்கட்டினார். முன்னாலிருந்து படித்தார், பின்னாலிருந்து படித்தார். எதிராளி எந்தெந்தப் பக்கமாக வருவான் என்று யோசித்து யோசித்து அவரே அடைத்துவைத்த ஷரத்து அது. காற்றுப் புகவும் இடமில்லை. தன்னைத்தானே திட்டிக்கொண்டார். சொன்னால் நம்பமாட்டீர்கள், நடுநடுவே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நான்காம் நாள் காலை சமையலறைக்கு வந்து, பெருமூச்சு விட்டு, "கஷ்டம்" என்றார்.

மனைவிக்கு அவர் தொழில்முறை தெரியாதா என்ன? நேராக வாசல் வரை போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நெடுநேரம் நின்றார். அந்த இரண்டு சொல் வரவில்லை.

திரும்பி வந்து, வெயில் அடித்துக்கொண்டிருந்த சமையலறையில் விளக்கைப் போட்டார்.

"ஏம்மா, வெளிச்சம்தான் இருக்கே?"

"பழகிக்கணும்ல."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, உங்கள் வாசற்படி எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்று அளந்து பாருங்கள். கூடவே, அந்தப் படியைக் கட்டும்போது உங்களுக்கு வழி சொன்னவரிடம் பக்கத்துக் காலிமனைக்காரரும் போய்வருகிறாரா என்று விசாரித்து வையுங்கள்.