பத்தாவது மாதிரித் தேர்வு

அப்பா விசில் ஊதியதும் மகளின் பேனா நின்றுவிட்டது.

"இன்னும் ரெண்டே முக்கால் மணி நேரம் இருக்கு. ஏன் நிறுத்திட்டே?"

"எல்லாம் மறந்துபோச்சுப்பா."

"எல்லாம்னா?"

"பேர் எழுதற கட்டத்துலயே நிக்கிறேன்."

சாப்பாட்டு மேஜையில் நடந்த ஆறாவது மாதிரித் தேர்வு இப்படித்தான் முடிந்தது. முதல் ஐந்தும் வேறு மாதிரி முடிந்துவிடவில்லை.

போன வருடம் நிஜமான நுழைவுத் தேர்விலும் இதே கதைதான். அன்று அப்பா தேர்வு மையத்தின் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மூச்சை இழுத்து விடு! பதறாதே!" என்று கடைசி நொடிவரை கத்திக்கொண்டிருந்தார். உள்ளே போன மகள் நூற்றெண்பது கேள்விகளில் பதினொன்றுக்கு மட்டும் வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு வெளியே வந்து அழுதாள். கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. இந்த வருடமும் கிடைக்காவிட்டால் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

"கதவைச் சாத்திக்கிட்டு தனியா எழுதினா நூத்தி அறுபது சரியாப் போடறா. நீங்க பக்கத்துல வந்தாத்தான்..." என்று ஆரம்பித்தாள் அம்மா.

"அதைத்தான் நானும் சொல்றேன். ஒத்திகை பத்தலை!"

அப்பா ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. மாதம் ஒருமுறை மணியடித்து, நானூறு பேரை மாடியிலிருந்து இறக்கி வெயிலில் நிறுத்தி எண்ணுவது அவர் வேலை. ஒத்திகை பார்த்தால் உலகத்தில் எதையும் சமாளிக்கலாம் என்பது அவர் நம்பிக்கை. மகள் பிறப்பதற்கு முன்பே மனைவியை ஏழு முறை ஆஸ்பத்திரிக்கு ஒத்திகையாக அழைத்துப்போனவர். ஏழாவது ஒத்திகையின் அலுப்பில்தான் தனக்கு வலியே எடுத்தது என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

நுழைவுச் சீட்டு வந்த அன்றே அதை ஒரு உறையில் போட்டு, அரக்கு வைத்து, பீரோவுக்குள் பூட்டச் சொல்லிவிட்டார். "முக்கியமான காகிதம். தேர்வு அன்னைக்குக் காலையிலதான் எடுக்கணும். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது, நான் உட்பட." தேர்வு பத்து நாள் நடக்கும், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாள். மகள் தன் தேதியைச் சொன்னாள், கடைசி ஞாயிறு. அப்பா அதைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டார்.

சாப்பாட்டு மேஜையில் ஒரே ஒரு ஆள் எழுதினால் அது தேர்வு மாதிரி இல்லை என்று அவருக்குத் தோன்றியது. கூட்டம் வேண்டும். குடியிருப்பின் சங்க ஹாலைக் கேட்டு வாங்கினார். மூன்றாம் மாடி பல் டாக்டர், ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்த பிளம்பர் என்று அகப்பட்டவர்களையெல்லாம் உட்கார்த்திவைத்து, ஏழாவது மாதிரித் தேர்வை நடத்தினார்.

போஸ்ட் மாஸ்டர் முதல் கேள்வியிலேயே எழுந்து, "கேள்வி தப்பு" என்றார். பல் டாக்டர் ஏசி கேட்டார். பிளம்பர் முக்கால் மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டு ஜன்னல் வழியாகத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் தாள் வெள்ளையாகவே இருந்தது.

நிஜத் தேர்வில் தரவரிசை உண்டு என்பதால் அப்பா அதையும் தயாரித்து லிப்டுக்குள் ஒட்டினார். முதலிடம் பிளம்பர். பல் டாக்டர் இரண்டாமிடம்.

"எப்படிய்யா எழுதினீங்க?" என்று அப்பாவே அசந்துபோய்க் கேட்டார்.

"எல்லாத்துக்கும் மூணாவது வட்டம்தான் சார். குழாய் மாதிரி நேரா வந்துச்சு."

பல் டாக்டர் இதை மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். மறுமதிப்பீடு கேட்டு மனு கொடுத்தார். "நோயாளிங்க எல்லாம் லிப்டுல படிச்சுட்டு வந்து என் முகத்தைப் பாக்கறாங்க சார்! வாயைத் திறக்கவே யோசிக்கறாங்க!" பிளம்பருக்கும் ரோஷம் வந்து, டாக்டர் கிளினிக்கில் ஒழுகும் குழாயைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கிளினிக் தண்ணீர் இரண்டாம் மாடியில் இருந்த போஸ்ட் மாஸ்டர் படுக்கையில் சொட்டியது. அவருக்கு அதெல்லாம் கவலையில்லை. கடைசிக்கு முந்தின இடம் கிடைத்த வேகத்தில் நான்கு பயிற்சிப் புத்தகங்கள் வாங்கி, ராவும் பகலும் படித்துக்கொண்டிருந்தார்.

எட்டாவது தேர்வில் கூட்டம் இன்னும் சேர்ந்தது. ஒன்பதாவதற்கு அப்பா தொழிற்சாலையிலிருந்து உலோகம் கண்டுபிடிக்கும் கருவியை இரவல் வாங்கி வந்து, ஒவ்வொருவரையும் சோதித்து உள்ளே அனுப்பினார். போஸ்ட் மாஸ்டரின் முழங்காலில் அது கத்தியது.

"உலோகத்தை வெளியில வெச்சுட்டு வாங்க."

"ஆபரேஷன்ல வெச்ச தகடு சார்!"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அப்ப காலைக் கழட்டி வெச்சுட்டு வரவா?"

இந்தப் பஞ்சாயத்து முடிய ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் மகளுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து எங்கே விசில் சத்தம் கேட்டாலும் அவளுக்கு விக்கியது. தெருமுனையில் போக்குவரத்துக் காவலர் ஊதினால்கூட வீட்டுக்குள் விக்கல் கேட்டது.

அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவது அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் இத்தனை பாடும். அவள் சிரித்துப் பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசையில் அவளை விரட்டிக்கொண்டே இருந்தார்.

கடைசி ஞாயிறுக்குப் பத்து நாள் இருந்தபோது மகளே வந்து நின்றாள்.

"அப்பா, உங்க ஒத்திகையில எல்லாம் சரியா இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் நிஜம் மாதிரி இல்ல."

"என்னது?" அப்பா நோட்டை எடுத்தார்.

"நிஜத் தேர்வுல அப்பாக்களை உள்ள விட மாட்டாங்க."

இருபத்திரண்டு வருட அனுபவமுள்ள பாதுகாப்பு அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. இவ்வளவு பெரிய ஓட்டையை எப்படிக் கவனிக்காமல் விட்டார்?

பத்தாவது மாதிரித் தேர்வு, கடைசி ஞாயிறுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்பாடானது. ஹாலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முதலிடம் பெற்றவர் என்ற முறையில் பிளம்பருக்குப் போனது. வெளியே நிற்கும் பெற்றோரிடம் கைப்பேசி இருக்கக் கூடாது என்று ஒரு விதியை எழுதி, அப்பா தன் கைப்பேசியை அம்மாவிடம் ஒப்படைத்தார். பிறகு வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"காலை எட்டு மணிக்குக் கேட்டை மூடணும். அப்புறம் யார் வந்தாலும் உள்ள விடக் கூடாது."

"நீங்க வந்தா சார்?"

"நான் வந்தாலும்தான்."

"எழுதிக் குடுத்துருங்க சார்."

அப்பா எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அன்று விடியும் முன்பே ஹாலுக்குப் போய் மேஜைகளை வரிசைப்படுத்திய அப்பா, மகள் வருவதற்கு முன்பே விதிப்படி கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். எட்டு மணிக்குக் கேட் சாத்தப்பட்டது. எட்டு இருபதுக்கு அப்பாவுக்கு மூக்குக் கண்ணாடி நினைவு வந்தது. வாட்ச்மேன் காகிதத்தைக் காட்டினார். ஒன்பதுக்கு வெயில் ஏறியது. குடை கேட்டார். வாட்ச்மேன் காகிதத்தைக் காட்டினார். பத்துக்கு வயிறு கடமுடா என்றது.

"யோவ், அஞ்சே நிமிஷம்யா. பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

"கீழ உங்க கையெழுத்துதானே சார் இது?"

எதிர்ச் சாரி மருந்துக் கடைக்காரர் பெரிய மனது பண்ணியதால் மானம் தப்பியது.

திரும்பி வந்து கேட் கம்பியைப் பிடித்தபோது, மூச்சை இழுத்து விடு என்று உள்ளே பார்த்துக் கத்த வாய் தானாகத் திறந்தது. மகளுக்கு விக்கல் வந்துவிடுமோ என்ற பயத்தில் மூடிக்கொண்டார். சும்மா நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. வெறும் ஒத்திகைக்கே இப்படி என்றால் அடுத்த வாரம் என்ன ஆவேன் என்று நினைத்தபடி, சட்டையெல்லாம் நனைய, அவர் அசையாமல் நின்றார்.

ஒரு மணிக்கு உள்ளே மணி அடித்தது. கூட்டம் கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. போஸ்ட் மாஸ்டர் துள்ளிக்கொண்டு வந்தார். பல் டாக்டர் மறுமதிப்பீட்டு மனுவை இப்போதே எழுதிக்கொண்டு வந்தார்.

"பாப்பா எங்க? எப்படி எழுதினா? விக்கல் வந்துச்சா?" என்று அப்பா கம்பி வழியாகப் பிளம்பரைக் கேட்டார்.

பிளம்பர் தலையைச் சொறிந்தார். "பாப்பா ஹாலுக்கே வரலையே சார். அம்மாவையும் காணோம். வீட்டுல எழுதறாங்களோன்னு நெனச்சேன்."

அப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேட்டைப் பிடித்து உலுக்கினார். "திறய்யா! என் பொண்ணைக் காணோம்கிறாங்க, திற!"

வாட்ச்மேன் காகிதத்தைக் காட்டினார்.

"மணிதான் ஒண்ணாயிடுச்சே, இன்னும் என்னய்யா?"

"பாப்பா சொல்லாமத் திறக்க மாட்டேன் சார். கொஞ்சம் பொறுங்க."

"பாப்பாவா? உனக்கு எழுதிக் குடுத்தது நானா, பாப்பாவா?"

வாட்ச்மேனின் சட்டைப் பையில் கைப்பேசி ஒலித்தது. அவர் அதை எடுத்து, கண்ணைச் சுருக்கி நிதானமாகப் படித்துவிட்டு, சாவிக்கொத்தை எடுத்தார்.

"இன்னைக்குத்தான் நிஜப் பரீட்சையாம் சார், எழுதி முடிச்சாச்சாம், ஒரு கேள்விகூட விடலையாம், இனிமே அப்பாவை உள்ள விட்டுரலாம்னு பாப்பா அனுப்பிருக்கு."